தாமதக் காரணம்: ஓட்டுநரின் ரத்தம்

உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னக் கருவி அது. ஒரு முனையில் மெல்லிய பட்டை ஒன்றைச் செருக வேண்டும். விரல் நுனியில் ஊசியால் லேசாகக் குத்தி, கடுகளவு ரத்தத்தைப் பட்டையின் விளிம்பில் வைத்தால் பட்டை அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஒரு நொதி தடவப்பட்டிருக்கிறது. அது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையோடு மட்டும் வினை புரியும். வேறு எதையும் சட்டை செய்யாது. அந்த வினையில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. சர்க்கரை கூடுதலென்றால் மின்சாரமும் கூடுதல், குறைவென்றால் குறைவு. கருவி அதை அளந்து எண்ணாக்கிக் காட்டும். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிடும். யாரிடமும் கேட்காமல், யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். பேருந்துக் கழகத்துக்கு அதனிடம் பிடிக்காமல் போனதும் இந்தக் குணம்தான்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகும் தடத்தில் முதல் வண்டியை எடுக்கும் ஓட்டுநருக்கு இன்சுலின் ஊசி ஆரம்பித்தபோது, ஊசியை எழுதிக் கொடுத்த மருத்துவர் கருவியையும் வாங்கச் சொன்னார். "ஸ்டீயரிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி விரலைக் குத்திப் பாத்துடுங்க. எழுபதுக்குக் கீழ இருந்தா வண்டிய எடுக்காதீங்க. குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சிட்டுக் கால் மணி நேரம் உக்காந்திருங்க. மறுபடி பாருங்க. ஏறியிருந்தா கிளம்புங்க."

இதற்குக் காரணம் உண்டு. உடம்புக்குள் தானாகச் சுரக்கும் இன்சுலின் சாப்பாட்டைப் பார்த்துச் சுரக்கிறது. ஊசியில் போட்ட இன்சுலினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சாப்பாடு வந்ததா, பாதியில் எழுந்து ஓடினாரா என்றெல்லாம் அது விசாரிக்காது. தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சர்க்கரை இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளை. அங்கேதான் வம்பு. நமக்கு ஏதோ ஆகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதான். அதனால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி நிற்கும் ஆளிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு அப்படித்தான் படுகிறது. ஆகவேதான் எண் வேண்டியிருக்கிறது. மூளை மயங்கினாலும் எண் மயங்காது.

ஓட்டுநர் சொன்னபடி செய்கிறவர். ஒரு நாள் அதிகாலை, இருக்கையில் உட்கார்ந்து குத்திப் பார்த்தார். அறுபத்திரண்டு. குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு ஸ்டீயரிங்கின் மேல் கைகளைப் போட்டுக் காத்திருந்தார். நேரக் காப்பாளர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"என்னய்யா, இன்னும் கிளம்பலையா? வண்டியில என்ன கோளாறு?"

"வண்டி நல்லா இருக்கு சார். எனக்குத்தான் சர்க்கரை எறங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல எடுத்துடுறேன்."

நேரக் காப்பாளர் தன் கையிலிருந்த கணினிப் பலகையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தாமதமானால் காரணத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் திரை அடுத்த வண்டிக்குப் போகாது. "டயர் இருக்கு, பிரேக் இருக்கு, மழை இருக்கு. ஊர்வலம் இருக்கு. மாடு குறுக்க வந்ததுகூட இருக்கு. உன் சர்க்கரை இல்லையே."

படிக்கட்டில் நின்ற நடத்துநர் சொன்னார்: "மாடுன்னே போட்டுடுங்க சார். அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு."

நேரக் காப்பாளர் மனசாட்சியுள்ளவர். இருப்பதில் உண்மைக்கு மிக நெருக்கமானதாகத் தேடி, 'இன்ஜின் சூடு' என்பதைத் தொட்டார்.

கழகத்தில் ஒரு தகவல் உள்ளே போய்விட்டால் அது சும்மா இருக்காது. அன்று மாலையே இரண்டு மெக்கானிக்குகள் வந்து வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள். கோளாறு எதுவும் தெரியவில்லை. கோளாறு தெரியாத சூடு ஆபத்தானது என்று ரேடியேட்டர் குழாயை மாற்றினார்கள். அடுத்த வாரம் ஓட்டுநருக்கு மறுபடி இறங்கியது. விசிறி பெல்ட்டை மாற்றினார்கள். அதற்கடுத்த முறை விதிப்படி இன்ஜினையே கழற்றி இறக்கினார்கள். எந்த நோயும் இல்லாத பேருந்து பூரணமாகக் குணமடைந்து பணிமனையிலிருந்து வெளியே வந்தது. அதுவரை கொடுத்திருந்த மாற்று வண்டியும் ஓட்டுநர் கையில் ஒரு காலை சூடானது. அதன்பிறகுதான் சந்தேகம் மனிதன் பக்கம் திரும்பியது.

பணிமனை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "நீ தொட்ட வண்டியெல்லாம் கொதிக்குதே, என்னப்பா உன் ராசி?"

ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து மேசையில் வைத்து விவரம் சொன்னார். மேலாளர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "இத யாரு உனக்குக் குடுத்தா?"

"நானே வாங்கினது சார்."

"நீயே வாங்கி, நீயே குத்தி, நீயே பாத்து, நீயே வண்டிய நிறுத்துற. அப்புறம் இங்க நாங்க எதுக்கு இருக்கோம்?"

இது கோபத்தில் கேட்ட கேள்வி. ஆனாலும் நியாயமான கேள்வி. பதில் சொல்லும் பொறுப்பை அவர் மருத்துவ அதிகாரிக்கு மாற்றிவிட்டார்.

மருத்துவ அதிகாரியின் அறையைப் பற்றிச் சொல்வதற்கு முன் கழகத்தின் ஆண்டுச் சோதனையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கழகத்தில் இன்சுலின் போடுகிறவர்களும் வண்டி ஓட்டலாம். ஆள் பற்றாக்குறை பெரிய மனதைக் கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதை உறுதி செய்ய வருடம் ஒருமுறை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். என்றைக்கு எடுப்பார்கள் என்று அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். அந்த வாரம் பணிமனையில் யாரும் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார்கள். காலையிலும் மாலையிலும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். கடைசி இரண்டு நாள் தண்ணீரிலேயே ஓட்டிவிடுவார்கள். மடிப்புக் கலையாத சட்டையோடு வேலைக்கு வருவதால் 'மாப்பிள்ளை' என்று பெயர் வாங்கிய இளம் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவரும் கழக மருந்தகத்தில் இதே ஊசிக்கு வரிசையில் நிற்பவர். போன வருடச் சோதனையன்று வரிசையிலேயே மயங்கி விழுந்தார். விழுந்த இடத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வந்தது. மிகச் சிறந்த கட்டுப்பாடு என்று அவருக்குப் பாராட்டு எழுதினார்கள்.

மருத்துவ அதிகாரி ஓட்டுநரின் அட்டையைப் பார்த்தார். "உங்க சர்க்கரை நூத்திப்பத்து."

"இன்னிக்குக் காலையில அறுபத்தஞ்சு சார்."

"அட்டையில நூத்திப்பத்துதான் இருக்கு. அடுத்த சோதனை வரைக்கும் அது செல்லும்."

"அது போன வருஷத்து ரத்தம் சார்."

"லைசென்ஸ்ல இருக்கிறது எந்த வருஷத்து மூஞ்சி?" மருத்துவ அதிகாரி கனிவாகச் சிரித்தார். "பாருங்க, ஆராய்ச்சியே சொல்லுது. மாத்திரையில இருக்கிறவங்க வீட்ல அடிக்கடி குத்திப் பாத்துப் பெரிசா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. கவலைதான் கூடுது."

"நான் மாத்திரையில இல்லையே சார். ஊசி போடுறேன். ஊசி போடுறவங்க பாத்துத்தான் ஆகணும்னு எங்க டாக்டர் சொல்றாரு."

"ஆராய்ச்சி உங்களுக்குப் பொருந்தாதுதான். ஆனா அதோட முடிவு எங்களுக்குப் பொருந்துது."

ஓட்டுநர் வாதம் செய்து பழக்கமில்லாதவர். தெரிந்ததை வைத்துத்தான் பேசுவார். "வண்டியில ஆயில் பாக்க ஒரு முள்ளு இருக்கு சார். சூடு பாக்க ஒண்ணு, காத்து பாக்க ஒண்ணு, டீசலுக்கு ஒண்ணு. இதையெல்லாம் பாக்காம வண்டிய எடுத்தா மெமோ குடுக்குறீங்க. என்னைப் பாக்கவும் ஒரு முள்ளு இருந்துட்டுப் போகட்டுமே."

"வண்டி முள்ளப் பாத்துப் பயப்படாது. மனுஷன் பயப்படுவான். பயந்தவன் நிறுத்துவான். பயப்படாதவன் ஓட்டுவான். கழகத்துக்கு எவன் வேணும்?"

விஷயம் பெரிதாகிக்கொண்டே போனதால், ஓட்டுநர் தன் சர்க்கரையைத் தானே அறிந்துகொள்ளலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு கூடியது தலைமையகத்தின் நீளமான அறையில். ஒரு கோடியில் தலைவர், அவருக்கு இரு பக்கமும் சட்ட அதிகாரியும் மருத்துவ அதிகாரியும். மறு கோடியில் ஓட்டுநர். நடுவில், மேசையின் சரிபாதியில், ஒரு வெள்ளைத் தட்டில் கருவி. அதை யாரும் தொடவில்லை.

சட்ட அதிகாரி எழுந்து விளக்கினார். அவர் குரலில் ஆசிரியரின் பொறுமை இருந்தது.

"ஓட்டுநருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியாது, வண்டி எங்கேயோ மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது விபத்து. நாம் அனைவரும் வருந்துவோம். அதே ஓட்டுநர், அதே சர்க்கரை, அதே மோதல். ஆனால் அவர் முன்கூட்டியே அளந்து பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இது வழக்கு. இறந்தவர்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் அந்தத் தட்டில் இருக்கிற பொருள் மட்டுமே. ஆகவே மனித உயிரின் மீது அக்கறையுள்ள எந்த நிறுவனமும் அதை அனுமதிக்க முடியாது."

"நான் பாத்துட்டு ஓட்ட மாட்டேனே சார்," என்றார் ஓட்டுநர். "பாத்துட்டு நிறுத்துவேன். அப்ப மோதவே மோதாதே."

சட்ட அதிகாரி தலைவரைப் பார்த்தார். மோதாத பேருந்துகளைப் பற்றி அவர் தயாரித்துக்கொண்டு வரவில்லை.

அப்போது தலைவரின் கைபேசி குருவி மாதிரிக் கத்தியது. தலைவர் அதை மேசைக்கு அடியில் பார்த்தார். அவருடைய இடது மேற்கையில், சட்டைத் துணிக்குக் கீழே, காசு அளவுக்கு வட்டமாக ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. அது புதிய வகைக் கருவி. விரலைக் குத்தவே வேண்டாம். தோலுக்கடியில் முடி போன்ற ஓர் இழையை விட்டு, இரவும் பகலும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, இறங்கப்போகிறது என்றால் முன்னாலேயே கைபேசிக்குச் சொல்லிவிடும். அற்புதமான பொருள்.

"ஐந்து நிமிட இடைவேளை," என்றார் தலைவர். பிஸ்கட்டும் பழச்சாறும் வந்தன. தலைவர் இரண்டு டம்ளர் குடித்தார். மற்றவர்கள் மரியாதைக்காக ஒவ்வொரு டம்ளர் குடித்தார்கள்.

ஓட்டுநர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயாவும் பாக்குறீங்களே," என்றார் மெதுவாக. குற்றம் சாட்டும் குரலில் அல்ல. ஒரே ஊர்க்காரரைக் கண்ட மாதிரி.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் கூட்டம் நடத்துறவன்பா. கூட்டத்துக்கு இடைவேளை விடலாம். பேருந்துக்கு விட முடியுமா? அவரவர் பொறுப்புக்குத் தகுந்த மாதிரிதான் அவரவருக்கு விஷயம் தெரியணும்."

குழு கல்நெஞ்சம் கொண்டதல்ல. கருவியை அடியோடு தடை செய்யவில்லை. ஓட்டுநர் அளந்துகொள்ளலாம், ஆனால் பயணம் முடிந்த பிறகு. பயணத்துக்கு முன் அளப்பது பயணத்தைப் பாதிக்கிறது, பின்னால் அளப்பது யாரையும் பாதிப்பதில்லை என்று தீர்ப்பில் அழகாக எழுதியிருந்தார்கள். வண்டி ஓடும் வரை கருவி நடத்துநரின் பையில் இருக்க வேண்டும். மீறினால் வேலை போகும். வேலை போனால் கழக மருந்தகத்தின் ஊசி மருந்தும் போகும்.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் அவர் மனைவி உத்தரவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தையல்காரிக்கு எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம். "அப்ப சாவு விழுந்தப்புறம் என்ன சர்க்கரை இருந்துச்சுன்னு பாத்துக்கலாம். நல்ல ஏற்பாடு."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். உங்க வண்டியிலதான் பொண்ணு காலேஜுக்குப் போறா. அது அந்தப் பெரிய மனுஷங்களுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா தெரியாது?"

அவருக்குத் தெரியும். அதனால்தான் அதன்பிறகு தினமும் வேண்டுமென்றே சர்க்கரையை உயரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினார். ஊசியைக் குறைத்தார், டீயில் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். உயரத்தில் இருக்கும் சர்க்கரை ஸ்டீயரிங்கில் ஆளை மயக்காது. அது கண்ணையும் காலையும் மெதுவாகத் தின்னும். அதற்குப் பல வருடம் எடுத்துக்கொள்ளும். கழகத்தின் கால அட்டவணையை அது கெடுப்பதில்லை. மேலாளர் மகிழ்ந்தார். "பாத்தியா, மிஷின வாங்கி வச்சதும் வண்டி கரெக்டா போகுது."

ஆனால் உடம்பு கணக்குப் போட்டபடி நடக்காது. ஒரு காலை, பாலத்துக்கு ஏறும் சரிவில், ஓட்டுநரின் முதுகு நனைந்தது. முன்னால் போன லாரி இரண்டாகத் தெரிந்தது. ஒன்றுமில்லை என்று மூளை சொன்னது. அது அப்படித்தான் சொல்லும் என்று அவருக்கு நினைவிருந்தது அதிர்ஷ்டம்தான். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

நடத்துநர் ஓடி வந்தார். "அண்ணே, இங்க ஸ்டாப் இல்லண்ணே." முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "சரி. பை இதோ இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஐம்பத்தொன்று. குளுக்கோஸைக் குடிக்கும்போது டம்ளர் பல்லில் இடித்தது.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "சர்க்கரை இருந்தா வீட்ல கிடக்கணும்யா. எங்க உயிரோட ஏன் விளையாடுற?"

"நிறுத்தினதாலதான் நீ உயிரோட இருந்து கத்துற," என்றார் நடத்துநர், திரும்பி நின்றபடியே.

கால் மணி நேரம் கழித்து வண்டி பாலத்தைக் கடந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. அதனால் இதை விபத்து என்ற தலைப்பில் மன்னிக்க வழியில்லாமல் போனது. நிறுத்தமில்லாத இடத்தில் நிறுத்தியது, பயணத்தின் நடுவே அளந்தது, அளந்ததைப் பார்த்து அறிந்துகொண்டது என்று மூன்று குற்றச்சாட்டுகள். மூன்றாவதுதான் கடுமையானது. ஓட்டுநரை இடைநீக்கம் செய்தார்கள். நடத்துநரை அலுவலகத்தில் பழைய டிக்கெட் கட்டுகளை எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள். பாலத்துத் தடத்தை, சிறந்த கட்டுப்பாட்டுக்குப் பாராட்டு வாங்கிய மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

அதோடு ஒரு சுற்றறிக்கை. ஓட்டுநர் இருக்கையில் இனிப்பு உண்பது, தன் சர்க்கரை குறைந்ததை அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படும். சான்றைத் தவறவிடாமலிருக்க எல்லா வண்டியிலும் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு கேமரா பொருத்தினார்கள். அது முகத்தையும் வாயையும் நன்றாகக் காட்டும். டேஷ்போர்டுக்குக் கீழே காட்டாது.

விசாரணைக்குத் தலைமையகம் போக வேண்டியிருந்த காலையில், ஓட்டுநர் மகளோடு மாப்பிள்ளை ஓட்டிய பாலத்துத் தடத்து வண்டியில் ஏறினார். பயணியாக உட்கார்ந்தாலும் அவர் கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காலை. எல்லோரும் ஜன்னலை மூடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் காலர் மட்டும் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது. வண்டி ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போனது. புதிய நடத்துநர் விசிலடித்ததும் மாப்பிள்ளை வைப்பரைப் போட்டார். மழை இல்லை.

பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் வண்டி குலுங்கி நின்றது. ஓட்டுநர் எழுந்து முன்னால் போனார். "மாப்ள, விரலக் குடு. ஒரு சொட்டு."

"ஒண்ணுமில்லண்ணே."

"அளக்க வேணாம். இத வாயில போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நில்லு."

மாப்பிள்ளை குளுக்கோஸ் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மேலே கேமராவைப் பார்த்தார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "சாப்பிட்டா தெரிஞ்சதுன்னு ஆயிடும். நின்னா... நேரம் போயிடும். உங்கள மாதிரி வீட்ல உக்கார முடியாதுண்ணே. கைக்குழந்த இருக்கு."

"அட, உக்காருய்யா பெரியவரே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏற்கனவே லேட்டு."

ஓட்டுநர் பொட்டலத்தைக் கிழித்து, கேமராவுக்குத் தெரியாதபடி மாப்பிள்ளையின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். மகளைக் கையைப் பிடித்து இறக்கினார். அவளை நடைபாதையில் நிறுத்திவிட்டு, வண்டியின் முகப்புக்கு நேராகப் போய்ச் சாலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

ஹார்ன் அடித்தது. பின்னால் வந்த வண்டிகளும் அடித்தன. பயணிகள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். நிற்க வேண்டிய காரணம் இப்போது சாலையில் உட்கார்ந்திருந்தது; அதற்கு மாப்பிள்ளை பொறுப்பில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் எதையோ கீழே தவறவிட்டவர் போலக் குனிந்தார். நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போக்குவரத்துக் காவலர் வந்தார். "எந்திரிய்யா. குடிச்சிருக்கியா? என்ன கோரிக்கை உனக்கு?"

"கோரிக்கை எதுவும் இல்ல சார். இன்னும் கொஞ்ச நேரம் என்னை இங்கயே வச்சுத் திட்டுங்க. அது போதும்."

காவலர் திட்டினார். அவருக்கு அது நன்றாக வந்தது. பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். சாப்பிட்ட குளுக்கோஸ் குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, மூளையைப் போய்த் தொட வேண்டும். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த வேலை அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நிறம் திரும்பியது. மாப்பிள்ளை கையை உயர்த்தி நெற்றியைத் துடைத்தார்; அந்தக் கை நடுங்கவில்லை. தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வைப்பரை அவரே நிறுத்தினார்.

காவலர் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பியபோது ஓட்டுநர் எதிர்க்கவில்லை. இந்த முறை வேலை மட்டுமல்ல, ஊசி மருந்தும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்துக்கு அப்பால் நடைபாதையில் அழுதுகொண்டு நின்ற மகளைத் தேடினார்.

"இப்ப ஏறிக்கோம்மா," என்றார்.